உள்ளங்காற் பாலுண்ணிக்குப் பன்னிரண்டு வாரம்

"எந்தச் சிகிச்சைக்கும் மாறாத பாலுண்ணி" என்ற குறிப்போடு தோல் நோய்க் கிளினிக்குக்கு அனுப்பப்படுகிறவர்களிற் பலருக்கு முறையான சிகிச்சை இன்னும் தொடங்கவேயில்லை என்பது எமது கணிப்பு. இரண்டு கிழமை சலிசிலிக் அமிலம் பூசியிருப்பார்கள். மேலே தடித்த தோலை ஒருவரும் சீவியிருக்கமாட்டார்கள். பிறகு ஒரு தடவை சுட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருப்பார்கள்.

முதலில், அது பாலுண்ணிதானா? வெங்காயத் தோட்டத்தில் வெறுங்காலோடு நிற்பவருக்கும் பனையேறும் சீவல் தொழிலாளிக்கும் தடிப்பும் ஆணியும் இயல்பானவை. கத்தியால் மேற்தோலை மெல்லச் சீவுங்கள். தோல் வரிகள் அறுபட்டு, உறைந்த நுண்குழாய்கள் கரும்புள்ளிகளாகத் தெரிந்தால் பாலுண்ணி. ஆணி நேரே அழுத்தினால் நோகும்; பாலுண்ணி இரு பக்கமும் சேர்த்துக் கிள்ளினால் நோகும். ஒரு நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் எழுதப்படும் மருந்துச் சீட்டில் எமக்கு நம்பிக்கையில்லை.

பாலுண்ணியை உறையவைக்கும் திரவ நைதரசன் மீதுள்ள மயக்கமும் தெளிய வேண்டும். 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 250 பேர் சேர்க்கப்பட்டனர். சாதாரணப் பாலுண்ணியில் 13 வாரத்தில் உறையவைத்தல் 49 சதவீதத்தினருக்கும் சலிசிலிக் அமிலம் 15 சதவீதத்தினருக்கும் பலித்தது. உள்ளங்காலில் அந்த வேறுபாடு இல்லை: முறையே 30, 33 சதவீதம். ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்களிலும் 23 சதவீதத்தினருக்கு அது மறைந்தது. அடுத்த ஆண்டு வந்த பிரித்தானிய ஆய்வு, 240 பேரின் உள்ளங்காற் பாலுண்ணிகளில் இரண்டு முறைகளும் 12 வாரத்தில் ஏறத்தாழ 14 சதவீதமே குணப்படுத்தின என்றது. எம்மவரின் தோலில் உறையவைத்த இடம் வெளிறிப்போவதுண்டு. முகத்திலும் கையிலும் அந்த வெண்தழும்பு ஓர் இளம்பெண்ணுக்குப் பாலுண்ணியைவிடப் பெரிய கவலையாகிவிடும்.

ஆகவே காலுக்கு முதற்படி சலிசிலிக் அமிலம். நாள்தோறும் இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, தேய்த்து, சுற்றியுள்ள நல்ல தோலுக்கு வாசலீன் தடவி, மருந்தைப் பூச வேண்டும், பன்னிரண்டு வாரம். தேய்க்கும் அரத்தை வீட்டில் வேறொருவர் தொடக்கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்த மண்ணில், இச்செய்முறையை ஒரு பக்கத் தமிழ்த்தாளாக நோயாளி கையில் கொடுப்பதற்குத் தயக்கம் வேண்டாம். உணர்ச்சி குன்றிய நீரிழிவுக் காலுக்கு மட்டும் இந்த அமிலத்தைக் கொடுக்கவே கூடாது. சுண்ணாம்பும் சோடாவும் குழைத்துப் பூசினார்களா என்று கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். கடிந்தால் உண்மை வராது. சிறுவர்களில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கினருக்கு இரண்டு ஆண்டுக்குள் தானாகவே மறையும் என்பதைத் தாய்க்குச் சொல்வதும் சிகிச்சைதான்.

பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாறாவிட்டால், எம்.எம்.ஆர். தடுப்பூசி மருந்தைப் பெரிய பாலுண்ணி ஒன்றினுள் 0.3 முதல் 0.5 மி.லீ. வரை, இரண்டு மூன்று கிழமைக்கொரு தடவை ஏற்றிப் பார்க்கலாம். தூண்டப்பட்ட எதிர்ப்பாற்றல் ஊசி படாத பாலுண்ணிகளையும் கரைப்பதுண்டு. விரல்களெங்கும் பரவியவர்களுக்கு இதுவே எமது தெரிவு. ஆனால் இது உயிருள்ள வைரஸ்: கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கும் ஆகாது. கரைத்த குப்பி ஆறு மணித்தியாலத்துக்கு மேல் பயன்படாது என்பதால் நோயாளர்களை ஒரே நாளுக்கு அழைப்பது நல்லது. பிள்ளைகளின் தடுப்பூசித் திட்டத்துக்கென வந்த குப்பிகளை இதற்கு எடுக்கக்கூடாது.

2017 முதல் இலங்கைப் பாடசாலைகளில் பெண் பிள்ளைகளுக்குப் போடப்படும் எச்.பி.வி. ஊசியால் கைகாற் பாலுண்ணி வராதா என்று பெற்றோர் கேட்பார்கள். அது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்கு. கைகாற் பாலுண்ணியை உண்டாக்கும் எச்.பி.வி. வகைகள் வேறு.

திடீரெனப் பல இடங்களில் கிளம்பினால் எச்.ஐ.வி.யையும், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளையும் நினைவிற்கொள்ளுங்கள். நடுவயதைக் கடந்தவரின் பாதத்திலோ நகத்தடியிலோ ஒற்றையாக நின்று, வளர்ந்து, கசிந்து, இரத்தம் வடிக்கும் "பாலுண்ணி" செதிட்கலப் புற்றுநோயாகவோ நிறமற்ற மெலனோமாவாகவோ இருக்கலாம். அதை மறுபடி உறையவைக்காமல் அன்றைக்கே துண்டெடுத்து நோயியல் ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள்.