கிள்ளியூர்க் கடற்கரை மணல்

கன்னியாகுமரி ஜில்லா கிள்ளியூர் தாலூகாவில், கீழ்மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு முதலிய கிராமங்களைச் சேர்ந்த 1,144 ஹெக்டேர் நிலத்தில், அதாவது 2,800 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில், மோனசைட் முதலிய கனிமங்களுக்காக மணல் எடுக்க மத்திய சர்க்காரின் ஐ.ஆர்.இ.எல். ஸ்தாபனம் முற்பட்டிருப்பது நேயர்கள் அறிந்ததே. இது குறித்து 2024 அக்டோபரில் நடப்பதாயிருந்த பொதுஜனக் கருத்துக் கேட்புக் கூட்டம், கரைவாசிகளின் கடும் எதிர்ப்பினால் ஒத்திவைக்கப்பட்டது. 2025 செப்டம்பரிலோ, அணுசக்திக் கனிமங்களையும் பிற முக்கியக் கனிமங்களையும் எடுக்கும் திட்டங்களுக்கு அத்தகைய கூட்டமே வேண்டுவதில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் இலாகா விலக்களித்து உத்தரவு பிறப்பித்தது. கூட்டத்தைத் தள்ளி வைத்தால் ஜனங்கள் காத்திருக்கலாம். கூட்டமே இல்லையென்றால் அவர்கள் எங்கே சென்று முறையிடுவது?

இம்மணலின் சரித்திரம் பழையது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். காஸ் விளக்கின் மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது. மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. 1914-ல் யுத்தம் மூண்டபின் தொழில் ஜெர்மானியர் கையினின்று பிரிட்டிஷார் கைக்கு மாறிற்று. அன்று கரையில் வலை இழுத்தவனை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்நியர் கேளாததில் வியப்பில்லை. 1950-ல் நம்மவர் சர்க்காரே ஸ்தாபித்த கம்பெனிக்காக, 2025-ல் கேளாதிருப்பதற்கென்றே ஓர் உத்தரவு எழுதப்படுவதுதான் வியப்பு.

இக்கனிமங்கள் தேசத்துக்கு வேண்டாதவை என்று நாம் சொல்லவில்லை. 2025 ஏப்ரலில் அருமண் உலோகங்கள் சிலவற்றின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தபோது, காந்தமின்றி மோட்டார்த் தொழிற்சாலைகள் தவித்ததை உலகம் கண்டது. ஆயினும் தேவை பெரிது என்பதனால் நிலத்துக்குச் செய்யவேண்டிய கடமை சிறிதாகிவிடாது.

கனிமத்தைப் பிரித்தபின் எஞ்சிய மணலைக் கொண்டே குழியை நிரப்பிவிடுவோம் என்பது ஸ்தாபனத்தார் கூறும் சமாதானம். குழி நிரம்பலாம், மணல்மேடு மீளுமா? எடுத்த கனிமத்தின் அளவுக்கு நிலம் தாழ்ந்தே தீரும். அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் வேரோடிப் பிணைத்துக் காற்றுக்கும் அலைக்கும் ஈடுகொடுத்த மேடு அது. மழைநீரை உள்வாங்கி, உப்புநீருக்கு மேலாகக் குடிநீரைத் தாங்கி நிற்பதும் அதுவே. அதைக் கலைத்துப் பரப்பிய மணலில் சவுக்குக் கன்றுகளை வரிசையாக நட்டுப் போட்டோ எடுத்து, சீரமைப்பு முடிந்தது என்று அறிக்கை எழுதுவது எளிது. அக்கம்பக்கத்துக் கிணற்றில் உப்புக் கரித்தால் அந்த அறிக்கையில் அதற்கு இடமிருக்காது. 2004 டிசம்பர் 26-ல் குளச்சலும் கொட்டில்பாடும் பட்ட பாட்டை அறிந்த ஜனங்கள், கரையின் உயரத்தைப்பற்றிக் கவலைப்படுவதை அறியாமை என்று தள்ளுவது தகாது.

தென்னாப்பிரிக்காவில் ரிச்சர்ட்ஸ் பே என்னுமிடத்தில் 1970-களின் பிற்பகுதி முதல் மணல்மேடுகளைத் தோண்டிவருகிறார்கள். அங்கே மேல்மண்ணைத் தனியே எடுத்துவைத்து, மேட்டைப் பழைய வடிவில் அமைத்து, அதன்மேல் அம்மண்ணைப் பரப்பிக் காடு வளர்க்கிறார்கள். பல்லாண்டு கழித்து ஆராய்ந்தவர்கள், காடு திரும்புகிறது, ஆனால் பழைய காடாக இன்னும் ஆகவில்லை என்றே கண்டார்கள். உலகில் நல்ல உதாரணம் என்று எடுத்துக் காட்டப்படும் இடத்தின் நிலைமையே இது. கன்னியாகுமரியோ 2011 ஜனக்கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழும் ஜில்லா. இங்கே வீட்டுக்கும் கிணற்றுக்கும் கோயிலுக்கும் கல்லறைக்கும் இடையில்தான் மணல் கிடக்கிறது.

ஆகவே விலக்கு உத்தரவை உடனே ரத்துசெய்து, கருத்துக் கேட்புக் கூட்டத்தை அந்தக் கிராமங்களிலேயே நடத்தவேண்டும். சுரங்கத் திட்டமும் சீரமைப்புத் திட்டமும் தமிழில் பஞ்சாயத்துதோறும் வைக்கப்படவேண்டும். கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்பையும், மேடுகளின் உயரத்தையும், மணல் எடுக்குமுன் ஓராண்டேனும் அளந்து ஜனங்களுக்குக் காட்டவேண்டும். சீரமைப்புக்குரிய முழுத்தொகையும் முன்கூட்டியே கட்டப்படவேண்டும். ஒரு துண்டு நிலம் சீரானது என்று ஸ்தாபனத்தைச் சாராத நிபுணரும் கிராம சபையும் ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த துண்டில் மண்வெட்டி விழலாம். மணவாளக்குறிச்சியில் இதுவரை தோண்டி மூடிய நிலங்கள் இன்று எவ்வாறிருக்கின்றன என்பதைச் சர்வே எண்வாரியாகக் காட்டும் கணக்கொன்றை முதலில் வெளியிடட்டும். அதைப் படித்துவிட்டுக் கிள்ளியூர்க்காரர்கள் தங்கள் பதிலைச் சொல்வார்கள்.