அடிபட்ட டிராக்டரின் விலை குறைந்தால் யாரிடம் கேட்பது?

கேள்வி: நான்கு வருடம் ஓட்டிய எங்கள் டிராக்டர் மீது எதிரே வந்த லாரி மோதிவிட்டது. ஆளுக்குச் சேதமில்லை. முன் அச்சு முறிந்து, கிளட்ச் ஹவுசிங் விரிசல் விட்டது. எங்கள் இன்சூரன்ஸிலேயே பழுது பார்த்துவிட்டோம். விபத்துக்கு முன் 4.50 லட்சத்துக்குக் கேட்ட வியாபாரி, இப்போது 3.40 லட்சத்துக்கு மேல் தர மாட்டேன் என்கிறார். அதை விற்று நகைக் கடனை அடைக்க இருந்தோம். குறைந்த 1.10 லட்சத்தை யாரிடம் கேட்பது?
– ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்.

பதில்: வியாபாரி விலையைக் குறைப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. காருக்கும் லாரிக்கும் இருப்பது போல டிராக்டருக்குத் தனியாக அடிச்சட்டம் பெரும்பாலும் கிடையாது. எஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர் பாக்ஸ் ஆகியவற்றை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்திருப்பதே அதன் முதுகெலும்பு. அதில் விரிசல் விழுந்து வெல்டிங் வைத்த வண்டி நன்றாக உழுதாலும், வாங்குபவர் மனதில் சந்தேகம் இருக்கும். பழுதுச் செலவு ஒரு நஷ்டம் என்றால், விற்பனை விலை குறைவது இன்னொரு நஷ்டம்.

இந்த இரண்டாவது நஷ்டத்தைச் சொந்த இன்சூரன்ஸ் தராது. வாகனக் காப்பீட்டுப் பாலிசியில், விபத்தின் தொடர்ச்சியாக வரும் இழப்பும் தேய்மானமும் சேராது என்றே அச்சிட்டிருக்கும். அங்கே கிடைப்பது பழுதுச் செலவு மட்டுமே. அதிலும் டயர், பேட்டரி, ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு வழக்கமாகப் பாதி விலையைக் கழித்துவிடுவார்கள்.

விலைக் குறைவைக் கேட்க வேண்டிய இடம், தவறு செய்த எதிர்த்தரப்பு. அதாவது லாரியின் ஓட்டுநர், உரிமையாளர், அந்த லாரிக்குக் காப்பீடு செய்த நிறுவனம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 165, 166-ம் பிரிவுகளின்படி, உயிரிழப்புக்கும் காயத்துக்கும் மட்டுமல்லாமல் பொருள் சேதத்துக்கும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். விபத்து நடந்த இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலோ, மனுதாரர் குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலோ கொடுக்கலாம். ஆகவே லாரி வெளிமாநிலத்தைச் சேர்ந்தது என்றாலும் அங்கே அலைய வேண்டியதில்லை.

நாள் கணக்கு முக்கியம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். அறுவடை முடியட்டும், ஆலைப் பணம் வரட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

கேட்டதும் கிடைத்துவிடும் பணம் இல்லை இது. விலை குறைந்தது என்று வாயால் சொன்னால் தீர்ப்பாயம் ஏற்காது. விபத்துக்கு முன் வண்டி என்ன விலை போயிருக்கும், பழுதுக்குப் பின் என்ன விலை போகிறது, இந்த வித்தியாசம் மோதலால்தான் வந்ததா என்ற மூன்றையும் ஆதாரத்தோடு காட்ட வேண்டும். இந்த வாசகர் உடனே சேகரிக்க வேண்டியவை:

1. எஃப்.ஐ.ஆர். நகல், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, இன்சூரன்ஸ் சர்வேயர் அறிக்கை. லாரியின் பதிவு எண், பாலிசி விவரம் காவல் நிலைய ஆவணங்களில் இருக்கும்.
2. பழுது பார்ப்பதற்கு முன் எடுத்த படங்கள். ஒர்க்‌ஷாப் பில்லில் ஹவுசிங் மாற்றப்பட்டதா, வெல்டிங் வைக்கப்பட்டதா என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.
3. ஆர்.சி. புத்தகம், வாங்கிய பில், பழைய சர்வீஸ் ரசீதுகள், ஓடிய மணிக்கணக்கு.
4. உரிமம் பெற்ற சர்வேயரிடம் விபத்துக்கு முன்னும் பின்னுமான மதிப்பு குறித்த எழுத்துப்பூர்வ அறிக்கை. தேவைப்பட்டால் அவர் சாட்சி சொல்லவும் வர வேண்டும்.
5. அதே மாடல், அதே வருட டிராக்டர்கள் விற்ற விலைக்கான ஆதாரம். விலை கேட்ட வியாபாரி எழுதிக் கொடுத்தால் அதுவும் உதவும்.

ஊரில் பலர் ஏமாறுவது கையெழுத்தில்தான். காவல் நிலையத்தில் பேசி முடிக்கும்போது, லாரி உரிமையாளர் பத்தாயிரமோ இருபதாயிரமோ கொடுத்து, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதி வாங்கிக்கொள்வார். அப்படி எழுதிக் கொடுத்த பிறகு வழக்கு மிகவும் பலவீனமாகிவிடும். சமரசம் தவறில்லை. ஆனால் வண்டியின் உண்மையான நஷ்டம் தெரிவதற்கு முன் ‘முழுத் தீர்வு’ என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போடக் கூடாது. சொந்த இன்சூரன்ஸ் பணத்துக்கான ரசீதையும் படித்துப் பார்த்து, பழுதுச் செலவுக்கு மட்டும் பெற்றதாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மக்கள் நீதிமன்றத்தில் முடித்தாலும் அதே எச்சரிக்கை தேவை. அங்கே ஒப்புக்கொண்ட தொகையே இறுதி, மேல்முறையீடு கிடையாது.

ஒரே ரூபாயை இரண்டு இடத்தில் வாங்க முடியாது. சொந்த இன்சூரன்ஸ் கொடுத்த பழுதுத் தொகையை மறுபடி லாரித் தரப்பிடம் கேட்கக் கூடாது. அங்கே கழித்த பகுதியையும், விலைக் குறைவையும் கேட்கலாம். லாரியின் பாலிசியில் பிறர் பொருள் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பு இருக்கும். சில உரிமையாளர்கள் பிரீமியத்தைக் குறைக்க அதை 6,000 ரூபாயாகச் சுருக்கியிருப்பார்கள். அப்படியானால் மீதியை உரிமையாளரிடம்தான் வசூலிக்க வேண்டும்.

டிராக்டர் பக்கமும் தவறு இருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும். முன் விளக்கு ஒன்று எரியவில்லை, ஓட்டியவரிடம் உரிமம் இல்லை, டிரெய்லரில் ஆட்கள் ஏறியிருந்தார்கள் என்றால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்துப் பேசும்.

வக்கீல் செலவுக்குத் தயங்குபவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு இலவச வக்கீல் கிடைப்பார். டிராக்டர் மனைவி பெயரிலோ தாயார் பெயரிலோ இருந்தால், மனுதாரர் அவரே என்பதால் இந்த உதவிக்குத் தகுதி உண்டு.

வாசகர் இப்போதே 3.40 லட்சத்துக்கு விற்க வேண்டிய நெருக்கடி இருந்தால், மதிப்பீட்டு அறிக்கையை வாங்கிய பிறகு விற்கட்டும். விற்பனை ஒப்பந்தத்தில் விபத்து நடந்ததையும், பழுது பார்த்ததையும் எழுதட்டும். வாங்குபவருக்கு அது நேர்மை. 3.40 லட்சத்துக்குத்தான் போனது என்பதற்குத் தீர்ப்பாயத்தில் அதுவே ஆதாரமாகவும் நிற்கும்.