ஒப்பந்தத் தொகையும் வங்கி காணும் வருமானமும்

பெங்களூருவிலும் ஐதராபாத்திலும் மென்பொருள் துறையில் பணிபுரியும் வாடிக்கையாளர்கள் வீட்டுக்கடன் பற்றி விசாரிக்க வரும்போது, வேறொரு கேள்வியையும் உடன் கொண்டு வருகின்றனர். நிரந்தர வேலையை விட்டு ஒப்பந்தப் பணிக்குச் செல்லலாமா என்பதே அது. மாதம் ஒரு இலட்சம் ஊதியம் பெறுபவருக்கு, அதே வேலையை ஒப்பந்த அடிப்படையில் செய்தால் ஒன்றரை இலட்சம் தருவதாக அழைப்பு வந்திருக்கும். ஐம்பதாயிரம் கூடுதல் என்றவுடன் மனம் பாதி முடிவெடுத்துவிடுகிறது.

அத்தொகையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அதிலிருந்து சிலவற்றைக் கழித்தாக வேண்டும். நிறுவனம் செலுத்திவந்த வருங்கால வைப்புநிதிப் பங்கும், பணிக்கொடையும், ஊதியத்துடன் கூடிய விடுப்பும் நின்றுவிடும். இரு ஒப்பந்தங்களுக்கு இடையே வரவற்ற மாதங்களும் உண்டு. ஆண்டில் பத்து மாதமே பணி அமைந்தால் ஒன்றரை இலட்சம் ஒன்றேகால் இலட்சமாகிவிடுகிறது. மருத்துவக் காப்பீட்டையும் மறக்கலாகாது. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் பழைய நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே காப்பு கிடைக்கும். தனியாக எடுக்கும் காப்பீட்டில் அந்நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருக்க நேரிடலாம்.

எனினும் வங்கியில் அமர்ந்திருக்கும் நம் கண்ணில் முதலில் படுவது வேறு. தொழில்வல்லுநர்களுக்கென வருமானவரிச் சட்டத்தில் உத்தேச வருமான முறை ஒன்று உள்ளது. ஆண்டு வரவு 50 இலட்சத்துக்குள் இருப்பின், அதில் பாதியை வருமானமாகக் காட்டி வரி செலுத்தலாம். விரிவான கணக்கேடுகள் பேண வேண்டியதில்லை. பலரும் மகிழ்ச்சியோடு பாதியையே காட்டுகின்றனர். சட்டப்படி அதில் பிழையில்லை. ஆனால் கடன் விண்ணப்பத்தை ஆராயும் அலுவலர் பொதுவாகக் கேட்பது இரண்டு, மூன்று ஆண்டுகளின் வருமானவரிப் படிவங்களை. 18 இலட்சம் ஈட்டியவர் 9 இலட்சம் காட்டியிருந்தால், தகுதிக் கணக்கில் அவருடைய மாத வருமானம் 75,000 ரூபாய்தான். விட்டு வந்த ஊதியத்தைவிட இது குறைவு! வரித் துறைக்கு ஒரு வருமானமும் வங்கிக்கு வேறொரு வருமானமும் காட்ட இயலாதல்லவா? பாதிக்கு மேல் காட்டுவதைச் சட்டம் தடுப்பதில்லை. வீடு வாங்கும் எண்ணமுடையோர், சற்றுக் கூடுதல் வரி செலுத்தினாலும், உள்ளபடியே காட்டுவது நலம்.

ஊதியச் சீட்டைக் கொடுத்துக் கடனைப் பெற்றுக்கொண்டு, மறுமாதமே வேலையை விடுவோரும் இருக்கின்றனர். இதைச் சாமர்த்தியம் என்று கருத நமக்கு மனம் வரவில்லை. இருபதாண்டுத் தவணையை ஆறு மாத ஒப்பந்தத்தின் மேல் நிறுத்துவது வங்கியைவிட அக்குடும்பத்தையே முதலில் பாதிக்கும்.

இவ்வாறு கூறுவதால் நிரந்தர வேலை உண்மையிலேயே நிரந்தரம் என்று நாம் வாதிடவில்லை. ஆட்குறைப்புச் செய்திகளை வாசகர்கள் அறிவர். தவணைச் சுமையற்ற இளைஞர்களும், வாழ்க்கைத் துணையின் ஊதியத்தால் வீட்டுச் செலவு நடைபெறும் குடும்பத்தினரும் தயங்காமல் ஒப்பந்தப் பணியை முயலலாம். ஏனையோர் ஆறு மாதச் செலவையும் தவணையையும் வைப்புத் தொகையாக ஒதுக்கி, வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனிக் காப்பீடு எடுத்தபின் பணிவிலகல் கடிதம் எழுதட்டும். ஒப்பந்த வரவுக்கெனத் தனிக் கணக்கு ஒன்றை முதல் மாதமே தொடங்கிவிட்டால், பின்னாளில் கடன் கேட்டு வரும்போது அலுவலரின் வேலையும் எளிதாகும்.