சித்த மருத்துவத்துக்குப் போங்கள், பழைய சீட்டையும் எடுத்துப் போங்கள்



நாங்கள் சொரியாசிஸ் உள்ளவர்கள். எங்களோடு எங்கள் வீட்டாரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். இந்த நோயைச் சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்பார்கள். முழங்கை, முழங்கால், தலை என்று தோல் சிவந்து தடித்து, வெள்ளை வெள்ளையாக உதிரும். உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தி தடம் மாறுவதால் வருவது, தொட்டால் ஒட்டாது. முற்றாகத் தீர்க்கும் மருந்து இதற்கு இல்லை என்பதை உலக சுகாதாரப் பேரவையே 2014 தீர்மானத்தில் சொல்லிவிட்டது. கட்டுக்குள் வைக்கலாம், வைத்துக்கொண்டு நன்றாக வாழலாம்.

வருடக்கணக்கில் களிம்பு தடவிச் சலித்த ஒருவர், யாரோ சொல்லி வெட்பாலைத் தைலம் வாங்குகிறார். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து எடுப்பது அது. எண்ணெய் ஊதா நிறமாக மாறும். தடவ ஆரம்பித்ததும் செதில் குறைகிறது, அரிப்பு அடங்குகிறது, ராத்திரி தூக்கம் வருகிறது. எங்களில் பலருக்கு இப்படி நடந்திருக்கிறது. பரங்கிப்பட்டைச் சூரணமும் பேதி மருந்தும் பத்தியமுமாகச் சில மாதங்கள் இருந்து தேறியவர்களும் உண்டு. அந்த நம்பிக்கையை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். நொந்த மனசுக்கு அது பெரிய பலம்.

நாங்கள் பயப்படுவது அடுத்து நடப்பதற்கு. கொஞ்சம் தேறியதும், இனி எதற்கு என்று இங்கிலீஷ் மருந்தைச் சட்டென நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரையை அப்படி நிறுத்தினால் படை பழையதைவிட மூர்க்கமாகத் திரும்பும். உடம்பு முழுக்கச் சிவந்து, சீழ்க் கொப்புளம் கிளம்பி, காய்ச்சலும் நடுக்கமுமாக ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிவரும், உயிருக்கே ஆபத்தாகலாம். குறைக்க வேண்டுமானால் கொடுத்த டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்கள் இன்னும் உஷார். இந்த நோய்க்கு அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை, கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. அதோடு என்ன சேர்ந்திருக்கிறது என்றே தெரியாத பொடியையும் விழுங்கினால் எது கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

காலையில் எழுந்ததும் விரல் மடக்க முடியாமல் மூட்டு இறுகினால் அதைத் தோலோடு சேர்த்துத் தள்ளிப்போடாதீர்கள். சொரியாசிஸ் மூட்டையும் தின்னும். சிதைந்த மூட்டு எந்த மருத்துவத்திலும் பழையபடி வராது.

போவது பதிவு பெற்ற சித்த மருத்துவரிடமாக இருக்கட்டும். தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அரும்பாக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் சித்தா பிரிவு இருக்கிறது. பழைய சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். லேபிள் இல்லாத பொட்டலம், பெயர் சொல்லாத லேகியம், "ஒரே மாதத்தில் நிரந்தரத் தீர்வு" என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ், இவற்றை விட்டு விலகுங்கள். நாட்டு மருந்து என்று விற்கும் பொடியில் ஸ்டீராய்டு கலந்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். உடனே கேட்பது போலத் தோன்றுவது அதனால்தான்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்யாண வீட்டுப் பந்தியில் எங்கள் பக்கத்து இலையில் உட்காருங்கள். சலூன்காரர்களே, தலையில் செதில் பார்த்ததும் திருப்பி அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த வைத்தியத்தை அக்கறையோடுதான் அனுப்புகிறீர்கள், தெரியும். அதோடு "மாத்திரையை நிறுத்திவிடு" என்று மட்டும் சேர்க்காதீர்கள்.

டாக்டர்களுக்கும் சித்த வைத்தியர்களுக்கும் கடைசியாக: நாங்கள் இன்னொரு இடத்துக்கும் போகிறோம் என்று சொன்னால் கோபப்படாதீர்கள். திட்டு விழுமே என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். என்ன சாப்பிடுகிறோம் என்று கேளுங்கள், சொல்லிவிடுகிறோம்.

இப்படிக்கு,
சொரியாசிஸ் உள்ளவர்களும் குடும்பத்தாரும்