பம்புக்கு ஒரு நியாயம், ரிசீவருக்கு ஒரு நியாயமா?

பீளமேட்டில் யாராவது போர்வெல்லுக்கு மோட்டார் வாங்கப் போனால் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கடைக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்பே கேள்விகள் வந்து விழும். ஹெட் எவ்வளவு, டிஸ்சார்ஜ் எவ்வளவு, எத்தனை ஸ்டேஜ், காப்பர் வைண்டிங்தானா, வோல்டேஜ் குறைந்தால் இழுக்குமா? போர் எத்தனை அடி, தண்ணீர் எங்கே நிற்கிறது என்ற கணக்கையும் கையோடு கொண்டு வந்திருப்பார். "ஒன்றரை எச்.பி.ங்க, நல்ல மோட்டாருங்க" என்று மட்டும் சொல்லி இந்த ஊரில் ஒருவரிடம் பம்பு விற்றுவிட முடியாது. பம்புகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் சிட்டார்க் நிலையமே பக்கத்தில் ஆவாரம்பாளையத்தில் இருக்கிறது. ஊரின் ரத்தத்தில் ஊறிய விஷயம் இது.

அதே மனிதர் தீபாவளிக்கு வீட்டில் ஹோம் தியேட்டர் வைக்க ஆசைப்பட்டு ரிசீவர் வாங்கப் போகிறார். அங்கே அவர் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். "எத்தனை வாட்ஸுங்க?"

கடைக்காரரும் சளைக்காமல் சொல்கிறார். "ஆயிரம் வாட்ஸ்!" பேரம் முடிந்தது.

பம்புக்கு எச்.பி. எப்படியோ ரிசீவருக்கு வாட்ஸ் அப்படி. அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றையும் முடிவு செய்ய முடியாது. பம்பு வாங்கும்போது இருக்கும் புத்தியில் பாதியை ரிசீவர் வாங்கும்போது பயன்படுத்தினாலே போதும். நடுத்தர வர்க்க வீட்டில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று சேர்த்து வைத்த காசு வீணாகாது.

முதலில் ரிசீவர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். டிவி, செட்டாப் பாக்ஸ், டிவிடி, மொபைல் என்று எதிலிருந்து வரும் ஒலியையும் வாங்கி, அதில் டால்பி, டி.டி.எஸ். என்று பொதிந்திருப்பதைப் பிரித்து, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அதற்குரிய பங்கைப் பெருக்கி அனுப்பும் பெட்டி. பிரிப்பது ஒரு வேலை, பெருக்குவது இன்னொரு வேலை. தமிழில் டி.டி.எஸ். ஒலியோடு வந்த முதல் படம் 1996-ல் வெளியான 'கருப்பு ரோஜா'. அதன் பிறகு டி.டி.எஸ். என்ற மூன்றெழுத்து தியேட்டர் போஸ்டரிலிருந்து டீக்கடைப் பேச்சு வரைக்கும் வந்துவிட்டது. அந்தச் சத்தம் வீட்டுக்குள்ளும் வேண்டும் என்ற ஆசை அங்கே பிறந்ததுதான்.

இப்போது வாட்ஸ் கதைக்கு வருவோம். 2018-ல் வந்த யமஹாவின் ஆர்.எக்ஸ்-வி385 என்ற 5.1 ரிசீவர் பட்ஜெட் வகையைச் சேர்ந்தது. அதன் விவரக் குறிப்பில் ஒரே பெட்டிக்கு மூன்று எண்கள் இருக்கின்றன. ஒரு சேனலை மட்டும் ஓட்டி, ஒரே ஒரு சுருதியில், 10 சதவீதம் ஒலி சிதைந்தாலும் பரவாயில்லை என்று அளந்தால் 135 வாட்ஸ். அதே ஒரு சேனலில் சிதைவை 0.9 சதவீதத்துக்குக் குறைத்தால் 100 வாட்ஸ். இரண்டு சேனலை ஓட்டி, 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.09 சதவீதச் சிதைவில் அளந்தால் 70 வாட்ஸ். மூன்றும் 6 ஓம் ஸ்பீக்கருக்கான கணக்கு. ஐந்து சேனலும் ஒன்றாக முழங்கினால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது இன்னும் குறையும்.

யமஹா பொய் சொல்லவில்லை. மூன்று எண்ணையும், எப்படி அளந்தோம் என்பதையும் வெளிப்படையாக எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நாம்தான் பெரிய எண்ணை மட்டும் படித்துவிட்டு வருகிறோம். ஹெட் என்ன என்று கேட்காமல் டிஸ்சார்ஜை மட்டும் கேட்பது போலத்தான் இது. தரைமட்டத்தில் கொட்டும் தண்ணீரை வைத்து மூன்றாவது மாடித் தொட்டிக்குக் கணக்குப் போட முடியுமா?

இந்தக் குழப்பம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. அமெரிக்காவில் ஆம்ப்ளிபயர் கம்பெனிகள் இஷ்டத்துக்கு வாட்ஸ் எழுதியதால்தான் 1974-ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் இதற்கென்றே ஒரு விதி கொண்டு வந்தது. அப்படியும் ஓட்டைகள் இருந்தன. ஐம்பது வருடம் கழித்து, 2024-ல், 8 ஓம் சுமையில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, ஒரு சதவீதத்துக்கும் குறைவான சிதைவில் அளந்ததைச் சொல்ல வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். நம் கடைகளில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் எழுதிய ஸ்டிக்கர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும்.

சரி, உண்மையில் ஒரு வீட்டுக்கு எத்தனை வாட்ஸ்தான் வேண்டும்? கணக்குப் போட்டே பார்க்கலாம். சாதாரண ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 88 டெசிபல் சத்தம் வரும். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், அறைச் சுவர்களின் எதிரொலியையும் சேர்த்து, சுமார் 80 டெசிபல். பத்து வாட் கொடுத்தால் 90. இருபது வாட் கொடுத்தால் 93. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் 90 டெசிபல் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். :-) வாட்ஸை இரண்டு மடங்கு ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 70 வாட்ஸ் ரிசீவருக்கும் 100 வாட்ஸ் ரிசீவருக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை டெசிபல். அதைக் கண்டுபிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஆனால் விலையில் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க பர்ஸைத் தொட்டாலே போதும்.

கோவையில் ஹோம் தியேட்டர் பற்றிப் பேசினால் அசெம்பிள்டு செட்டைப் பற்றிப் பேசாமல் முடியாது. டிரான்ஸ்பார்மர், போர்டு, ஹீட் சிங்க், கேபினெட் என்று தனித்தனியாக வாங்கி, மெக்கானிக் கையால் சேர்த்துக் கொடுக்கும் செட். ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று 1941-ல் அறிவித்த ஜி.டி. நாயுடுவின் ஊர் இது. வெளிநாட்டுப் பெட்டி விலை அதிகம் என்றால் நாமே செய்துகொள்வோம் என்ற நினைப்பு இங்கே புதிதல்ல, அது மரியாதைக்குரியதும் கூட.

ஆனால் அங்கேயும் இந்த வாட்ஸ் பேய் புகுந்துவிட்டது. 4440 என்றால் தெரியாத எலக்ட்ரானிக்ஸ் மாணவர் இருக்க மாட்டார். எல்.ஏ.4440 என்ற அந்த ஐ.சி.யைத் தயாரித்த சான்யோ கம்பெனி தன் குறிப்பேட்டில் சொன்னது சேனலுக்கு 6 வாட்ஸ், பிரிட்ஜ் செய்தால் 19 வாட்ஸ். அதே ஐ.சி. போட்ட போர்டு 100 வாட்ஸ், 200 வாட்ஸ் என்ற பெயரில் விற்பனையாகிறது. ஐந்து ஆம்பியர் 12-0-12 டிரான்ஸ்பார்மர் தாங்குவதே சுமார் 120 வோல்ட்-ஆம்பியர். அதை வைத்துக்கொண்டு தொடர்ந்து 500 வாட்ஸ் சத்தம் எங்கிருந்து வரும்? உள்ளே போவதைவிட அதிகமாக வெளியே வராது என்பது பிளஸ் டூ இயற்பியல்.

மெக்கானிக்கைத் திட்டி என்ன பயன்? அவர் நிலைமையையும் யோசித்துப் பார்க்க வேண்டும். "இது சேனலுக்கு 15 வாட்ஸ் தானுங்க, ஆனா உங்க ரூமுக்குத் தாராளமா போதும்" என்று உண்மை சொல்கிறார் ஒருவர். பக்கத்துக் கடையில் அதே போர்டுக்கு 500 வாட்ஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் எங்கே போகிறார்? ஸ்டிக்கர் கடைக்கு. ஆறு மாதத்தில் உண்மை சொன்னவரும் ஸ்டிக்கர் அடிக்கப் போய்விடுவார். பெரிய எண்ணுக்கு ஆசைப்படும் நாம்தான் நேர்மையான கைவேலைக்காரரைப் பொய் சொல்ல வைக்கிறோம். பம்பு விஷயத்தில் இப்படி நடக்கவில்லை, ஏனென்றால் அங்கே வாங்குபவருக்குக் கேள்வி கேட்கத் தெரிந்திருந்தது.

அதனால் பிராண்டா, அசெம்பிள்டா என்ற சண்டையே தேவையில்லாதது. இரண்டு பக்கமும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

எத்தனை சேனலை ஓட்டி, எவ்வளவு சிதைவில், எத்தனை ஓமுக்கு அளந்த வாட்ஸ்? அசெம்பிள்டு என்றால் டிரான்ஸ்பார்மர் எவ்வளவு, ஐ.சி. எண் என்ன?

5.1 என்றால் நிஜமான 5.1 தானா? ஸ்டீரியோ ஒலியையே ஆறாகப் பங்கு போட்டு அனுப்பும் போர்டுகள் உண்டு. அவற்றில் பின்னால் வைத்த ஸ்பீக்கரிலும் முன்னால் வரும் பாட்டேதான் வரும். ஆப்டிகல் அல்லது எச்.டி.எம்.ஐ. வழியாக டால்பியை வாங்கிப் பிரிக்கும் டிகோடர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

டிவியோடு எப்படி இணையும்? எச்.டி.எம்.ஐ. ஆர்க் வசதி இருந்தால் ஓ.டி.டி. படங்களில் வரும் டால்பி டிஜிட்டல் பிளஸ் அப்படியே ரிசீவருக்கு வந்துவிடும். ஆப்டிகல் கேபிளில் அது போகாது. டிவி அதைப் பழைய டால்பி டிஜிட்டலாகவோ வெறும் ஸ்டீரியோவாகவோ மாற்றித்தான் அனுப்பும். புளூரே வட்டுகளில் இருக்கும் சுருக்கப்படாத ஒலியை டிவி வழியாக அனுப்பத்தான் இ-ஆர்க் வேண்டும். ஓ.டி.டி. மட்டும் பார்க்கும் வீட்டில் அதற்காகத் தனியாகப் பணம் கொட்டத் தேவையில்லை.

ரிப்பேர் ஆனால் யார் பார்ப்பார்கள்? 1946-ல் தொடங்கிய ஜப்பானின் ஆன்கியோவே 2022-ல் திவாலாகி, பெயர் மட்டும் வேறு கைகளில் தொடர்கிறது. பெரிய பெயர் என்பதற்காகக் காலமெல்லாம் உதிரி பாகம் கிடைக்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. இந்த ஒரு கேள்வியில் அசெம்பிள்டு செட் ஜெயித்துவிடும், போர்டு போனால் போர்டை மட்டும் மாற்றினால் போதும். ஸ்பீக்கர், டிவிடி எல்லாம் ஒரே பெட்டியில் வரும் ரெடிமேட் செட்டுகள்தான் இதில் மோசம். பல செட்டுகளில் அந்த ஸ்பீக்கர்களின் ஓம் அளவும் பின்னும் தனி ரகம். ஆம்ப்ளிபயர் போனால் ஸ்பீக்கரும் சேர்ந்து பரணுக்குப் போகும்.

அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டு வருவதாகச் சொன்னால் ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே விற்கும் ரிசீவர்கள் 120 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு சரி. தகுந்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே 'அங்கே மலிவு' என்று சொல்ல வேண்டும்.

அடுத்தது எத்தனை ஸ்பீக்கர் என்ற கேள்வி. 5.1 ரிசீவர் வாங்கினால் முதல் நாளே ஐந்து ஸ்பீக்கர் மாட்டியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, ஒரு சப்வூபர் என்று நான்கோடு ஆரம்பிப்பது நல்லது. படத்தில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. சண்டைக் காட்சியில் ஜன்னல் அதிர்வதும், அடுத்த காட்சியில் அம்மா "என்ன சொன்னான், கேக்கலையே" என்று ரிமோட்டைத் தேடுவதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நல்ல நடு ஸ்பீக்கர் ஒன்று, அதன் அளவை மட்டும் தனியாகக் கூட்டும் வசதி ஒன்று. இந்த இரண்டும் வீட்டுப் பெரியவர்களுக்குச் செய்யும் உபகாரத்தைப் பின்னால் தொங்கும் நான்கு மலிவு ஸ்பீக்கர்கள் செய்யாது. மீதி இரண்டை அடுத்த போனஸில் வாங்கிக்கொள்ளலாம்.

அறையையும் மறக்கக் கூடாது. நம் வீடுகளில் சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை. கை தட்டினால் அறையே திரும்பித் தட்டும். எத்தனை விலை ரிசீவர் வைத்தாலும் அந்த எதிரொலியில் வசனம் குழம்பத்தான் செய்யும். கனமான திரைச்சீலை, தரையில் விரித்த பவானி ஜமுக்காளம், சுவரோரம் சாய்த்து வைத்த இலவம்பஞ்சு மெத்தை ஆகியவை கூர்மையான எதிரொலியை ஓரளவு குடித்துவிடும். பேஸ் அதிர்வை இவை அடக்காது. அதற்கு சப்வூபரை மூலையிலிருந்து நகர்த்தி வைத்துப் பார்க்க வேண்டும், அதற்குக் காசு ஆகாது. மைக் வைத்து அறையை அளந்து தானே சரிசெய்துகொள்ளும் வசதி சில பட்ஜெட் ரிசீவர்களிலேயே இருக்கிறது. யமஹா அதை ஒய்.பி.ஏ.ஓ. என்கிறது. கூடுதல் 30 வாட்ஸுக்குக் கொடுக்கும் பணத்தை இப்படிப்பட்ட வசதிக்குக் கொடுப்பது மேல்.

வாங்கிய பிறகு ரிசீவரை ஷோகேஸ் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். அது சூடாகும் சாதனம், மேலே நாலு விரல் இடமாவது காற்றுக்கு வேண்டும்.

கடைசியாகக் காசுப் பங்கீடு. கையில் நாற்பதாயிரம் இருந்தால் ரிசீவருக்கு அதில் பாதியைத் தாண்ட வேண்டாம். மீதி ஸ்பீக்கருக்கும் சப்வூபருக்கும். எச்.டி.எம்.ஐ. மாதிரியான இணைப்பு முறைகள் சில வருடத்துக்கு ஒரு முறை மாறி ரிசீவரைப் பழசாக்கும். நல்ல ஸ்பீக்கர் பதினைந்து வருடம் இருக்கும். பாதி விலைக்குள் பிராண்ட் ரிசீவர் அடங்கவில்லை என்றால் நல்ல மெக்கானிக்கிடம் அசெம்பிள் செய்துகொள்வதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. ஐ.சி. எண், டிரான்ஸ்பார்மர் அளவு, உண்மையான வாட்ஸ், எத்தனை மாத உத்தரவாதம் என்ற நான்கையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்காமல் 'சேனலுக்கு 20 வாட்ஸ்' என்று எழுதித் தருபவர் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். நாலு பேருக்கு அவர் கடையைக் கை காட்டியும் விடுங்கள்.