வெட்டுப்புள்ளி போதாது, விடுதிக் கணக்கும் வேண்டும்

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வந்த நாளிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் எங்கும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான்: இந்தப் புள்ளிக்கு எந்தப் பாடசாலை கிடைக்கும்? கொழும்பு ரோயலா, டி.எஸ். சேனாநாயக்கவா, இசிபத்தனவா? ஊரிலேயே கல்முனை ஸாஹிராவா, மஹ்மூத் மகளிர் கல்லூரியா? பதில் சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. வகுப்பாசிரியர் ஒன்று சொல்வார், டியூஷன் மாஸ்டர் வேறொன்று சொல்வார், போன வருடம் தன் மகனைக் கொழும்பில் சேர்த்த சொந்தக்காரர் எல்லாரையும் மிஞ்சி உறுதியே கொடுத்துவிடுவார். எல்லாருடைய கையிலும் இருப்பது கடந்த ஆண்டின் வெட்டுப்புள்ளி ஒன்றுதான். அதை வைத்துத்தான் வாப்பாவும் உம்மாவும் பாடசாலைகளை வரிசைப்படுத்தி விண்ணப்பிக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையின் அடுத்த எட்டு ஆண்டுகளை முடிவு செய்யும் கணக்கு இவ்வளவு பலவீனமான ஓர் எண்ணில் நிற்பதை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது. பிரபல பாடசாலை ஒவ்வொன்றிலும் ஆறாம் தரத்தில் எத்தனை வெற்றிடம், தமிழ் மொழிமூலத்துக்கு எத்தனை, ஆண்களுக்கு எத்தனை, பெண்களுக்கு எத்தனை, வெளியூர்ப் பிள்ளைக்கு விடுதியில் எத்தனை இடம் என்ற விபரம் விண்ணப்பிக்கும் முன்னரே பெற்றோரின் கைக்கு வரவேண்டும். கல்வி அமைச்சிடம் நாம் கேட்பது இதைத்தான்.

வெட்டுப்புள்ளி எப்படி உருவாகிறது என்பதை விளங்கிக்கொண்டால் இந்தக் கோரிக்கையின் நியாயம் தெரியும். முதலில், வெட்டுப்புள்ளிகள் இரு வகை. உதவிப்பணத்துக்கான மாவட்ட வெட்டுப்புள்ளி வேறு. ஒரு பாடசாலையில் ஆறாம் தரத்துக்கு அனுமதிக்கும் வெட்டுப்புள்ளி வேறு. மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிட்டதற்காகப் பதாகை கட்டிய வீட்டில், கேட்ட பாடசாலை கிடைக்காமல் அழுகை எழுவது இந்த வேறுபாடு தெரியாததால்தான். பாடசாலைக்கான புள்ளி பிள்ளையின் திறமையை அளப்பதில்லை. அது கடைசி இடத்தைப் பெற்ற பிள்ளையின் புள்ளி, அவ்வளவுதான். ஆரம்பப் பிரிவு உள்ள பாடசாலையில் ஐந்தாம் தரப் பிள்ளைகள் அப்படியே ஆறாம் தரத்துக்கு ஏறிவிடுவார்கள். மிஞ்சும் சில கதிரைகளுக்குத்தான் நாடு முழுதும் போட்டி. கதிரை குறைந்தால் புள்ளி ஏறும். புதிதாக ஒரு வகுப்புப் பிரிவு திறந்தால் இறங்கும். மொழிமூலம் மாறினாலும், ஆண் பெண் மாறினாலும் அது மாறும். வினாத்தாள் கடினமான ஆண்டில் எல்லாரும் சேர்ந்து கீழே போவார்கள். இத்தனை காரணிகளில் ஒன்றுகூடத் தெரியாமல், மாதிரி வினாத்தாளில் 160 எடுத்த பிள்ளையைப் பார்த்து 'ரோயல் நிச்சயம்' என்று சொல்வதற்கு எந்த அடிப்படையும் கிடையாது.

2024ஆம் ஆண்டு இதற்குத் தெளிவான சாட்சி. செப்டெம்பர் 15ஆம் திகதி நடந்த பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகியிருந்தன. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. கடைசியில் அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுத்து 2025 ஜனவரியில்தான் பெறுபேறு வந்தது. அப்படி உருவான வெட்டுப்புள்ளியை அடுத்த ஆண்டுப் பிள்ளைக்கு அளவுகோலாக வைப்பது எப்படிச் சரியாகும்? ஆனாலும் வைத்தோம். வேறு எண் கையில் இல்லாததால் வைத்தோம்.

வெற்றிடத்தைவிட முக்கியமானது விடுதி. இந்தப் புலமைப்பரிசிலின் வரலாறே விடுதியிலிருந்துதான் தொடங்குகிறது. இலவசக் கல்வியின் தந்தை என நாம் கொண்டாடும் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கர அம்பலாங்கொடைப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. காலி ரிச்மண்ட் கல்லூரி அவருக்குக் கொடுத்த புலமைப்பரிசிலில் படிப்போடு சாப்பாடும் தங்குமிடமும் சேர்ந்திருந்தன. கல்வி அமைச்சராக அவர் 1940களில் மத்திய கல்லூரிகளை நாட்டுப்புறங்களில் எழுப்பி, ஐந்தாம் வகுப்பில் திறமை காட்டும் ஏழைப் பிள்ளைக்கு அங்கே இடம் கொடுத்தபோது விடுதியையும் சேர்த்தே கொடுத்தார். தூரமும் வறுமையும் சேர்ந்து ஒரு பிள்ளையைத் தடுக்கின்றன. ஒன்றை மட்டும் நீக்கினால் பயனில்லை என்பது அனுபவத்தால் அவருக்குத் தெரிந்திருந்தது. நமது பக்கத்தில் வந்தாறுமூலை மத்திய கல்லூரி அந்தத் திட்டத்தின் பிள்ளை. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது அந்த வளாகத்தில்தான். இன்றைய கிழக்குப் பல்கலைக்கழகம் அதிலிருந்து வளர்ந்தது.

இன்று அந்த ஏற்பாடு பாதியாகிவிட்டது. ஒரு பிள்ளை கொழும்புப் பாடசாலைக்குத் தெரிவானால் விடுதியும் கிடைக்கும் என்ற உறுதி எதுவும் இல்லை. கல்முனையிலிருந்து கொழும்பு ஓர் இரவுப் பஸ் பயணம். உதவிப்பணம் 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 750 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வரவேற்கிறோம், ஆனால் பெரியவர் ஒருவர் கொழும்புக்குப் போய்ப் பிள்ளையை ஒரு தடவை வீட்டுக்கு அழைத்துவந்து திரும்ப விடுவதற்கே அந்தப் பணம் போதாது. விடுதி கிடைக்காதபோது வெள்ளவத்தையிலோ தெமட்டகொடையிலோ அறை எடுத்து, உம்மாவும் பிள்ளையுமாகக் குடியேற வசதி உள்ள குடும்பம்தான் அந்த இடத்தை எடுக்க முடியும். மருதமுனையில் கைத்தறி நெய்பவரின் பிள்ளையும், சாய்ந்தமருதுக் கடற்றொழிலாளியின் பிள்ளையும் அதே புள்ளியை எடுத்திருக்கலாம். அவர்களுடைய உண்மையான வாய்ப்பு விடுதிக் கட்டிலின் எண்ணிக்கையில் இருக்கிறது; அந்த எண்ணை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

இது செய்ய முடியாத காரியமல்ல. இந்தியாவின் ஜவஹர் நவோதயா வித்தியாலயங்களைப் பாருங்கள். 1986ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையோடு பரவிய அந்த விடுதிப் பாடசாலைகளில் ஆறாம் வகுப்புக்கு ஒரு பாடசாலையில் 80 இடம்; குறைந்தது 75 சதவீதம் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு; மூன்றிலொரு பங்கு பெண்பிள்ளைகளுக்கு; தங்குமிடமும் உணவும் இலவசம். பரீட்சை எழுதும் முன்னரே இவை அனைத்தும் பெற்றோருக்குத் தெரியும். தமிழ்நாடு மொழிக் கொள்கையை முன்னிட்டு அந்தப் பாடசாலைகளை ஏற்கவில்லை. அது வேறு விவாதம். இடத்தின் எண்ணிக்கையை முன்கூட்டிச் சொல்லும் நேர்மையை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கில் சேராத இன்னொன்றும் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் அம்பாறையும் ஒன்று. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதைக் கொண்டே மாணவரின் மாவட்டம் பொதுவாகத் தீர்மானிக்கப்படுகிறது. ஆறாம் தரத்தில் கொழும்புக்குப் போய் அங்கேயே உயர்தரம் எழுதும் பிள்ளை, கொழும்பு மாவட்டத்துப் பிள்ளைகளோடு போட்டியிட்டு மருத்துவ பீடத்தையோ பொறியியல் பீடத்தையோ எட்ட வேண்டும். இதை அறிந்தே அனுப்பும் பெற்றோர் அனுப்பட்டும். அறியாமல் அனுப்புவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். புலமைப்பரிசில் கருத்தரங்குகளில் வினாத்தாள் நுணுக்கம் மணிக்கணக்காகப் பேசப்படுகிறது. இந்த விடயத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் பல குடும்பங்களின் முடிவு மாறக்கூடும்.

எண்களை வெளியிட்டால் போட்டி இன்னும் கடுமையாகும் என்று சிலர் சொல்வார்கள். இதைவிடக் கடுமையாக என்ன இருக்கிறது? மூன்றாம் தரத்திலிருந்தே பின்னேர வகுப்பும் விடுமுறை வகுப்பும் நடக்கின்றன. தமிழ் மொழிமூலத்தில் ஒரு பாடசாலைக்கு இருப்பது விரல்விட்டு எண்ணும் இடங்கள்தான் என்று தெரிந்தால், பல பெற்றோர் அந்த ஓட்டத்தைத் தளர்த்தி, ஊர்ப் பாடசாலையை நம்பத் தொடங்குவார்கள். வெற்றிடம் கடைசி நேரத்தில்தான் தெரியவரும் என்பது அதிகாரிகளின் பதிலாக இருக்கலாம். ஐந்தாம் தரத்தில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆறாம் தரத்தில் எத்தனை பிரிவு நடக்கும், விடுதியில் எத்தனை கட்டில் காலியாகும் என்பது அதிபருக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரியும். சில இடங்கள் கூடினாலும் குறைந்தாலும் குற்றமில்லை.

இந்தப் பரீட்சையையே ஒழிக்க வேண்டும் என்பவர்களின் வாதம் இவற்றையெல்லாம்விட வலிமையானது. பத்து வயதில் பிள்ளைகளைத் தரம்பிரிப்பது கொடுமை என்பதில் நமக்கும் மறுப்பில்லை. ஆனால் எல்லா ஊரிலும் நல்ல பாடசாலை வரும்வரை, பணமோ செல்வாக்கோ இல்லாத பிள்ளைக்குப் பெரிய பாடசாலையின் கதவைத் திறக்க இருப்பது இது ஒன்றுதான். அதை மூடினால் அந்த இடங்கள் சிபாரிசுக்காரர்களின் கைக்குப் போய்விடும். பெண்பிள்ளைகளின் நிலையையும் இங்கே மறக்கக் கூடாது. பதினொரு வயது மகளைத் தூரத்து விடுதிக்கு அனுப்ப நம் சமூகத்தில் பல குடும்பங்கள் தயங்குகின்றன. அந்தத் தயக்கத்தைக் குறைசொல்லி ஆவது ஒன்றுமில்லை. பாதுகாப்பான, பெண் பொறுப்பாளர் உள்ள விடுதி கரையோரத்திலேயே இருந்தால் பொத்துவில், இறக்காமம் பக்கத்துப் பெண்பிள்ளையும் கல்முனையில் படிக்கலாம். கொழும்பு வாய்ப்புக்காக அலையும் நமது அரசியல்வாதிகள் அந்த விடுதிகளுக்கு நிதி கேட்டுப் பாராளுமன்றத்தில் பேசட்டும்.

அமைச்சு அசையும்வரை கல்முனை வலயக் கல்விப் பணிமனை காத்திருக்க வேண்டியதில்லை. ஸாஹிரா, மஹ்மூத் உட்பட வலயத்துப் பாடசாலைகளின் ஆறாம் தர வெற்றிடங்களைத் திரட்டி, அடுத்த பரீட்சைக்கு முன்னர் ஒரே தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு பாடசாலையின் அறிவித்தல் பலகையிலும் ஒட்டலாம். கொழும்புப் பாடசாலைகளின் பழைய மாணவர்களாக இங்கே இருப்பவர்கள் அந்தந்த விடுதியின் உண்மை நிலையைக் கேட்டறிந்து பெற்றோருக்குச் சொல்லலாம். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளைக்கு எந்தப் பாடசாலை கிடைக்கும் என்று கேட்டு வரும் பெற்றோரிடம், வெற்றிடமும் விடுதியும் தெரியாமல் 'நிச்சயம்' என்று சொல்லாதீர்கள்.