யார் கைக்கு எட்டுகிறது அந்த பட்டன்?

எந்திரம் வந்தால் சாதி தானாகச் செத்துவிடும் என்று நம் இடதுசாரித் தோழர்கள் நெடுநாள் சொல்லிவந்தார்கள். பம்பாய் மில்களின் நாடாவைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். தார் தீர்ந்து புதுத் தார் போடும்போது நூல் முனையை நாடாவின் துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டத்தகாதவன் வாய் வைத்த நாடாவில் நாங்கள் வாய் வைப்பதா என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். கூலி அதிகமான நெசவுப் பிரிவு நம் மக்களுக்கு மூடப்பட்டது. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் எழுப்பிய கேள்வி இதுதான். காசநோய் பரவும் என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்த நாடாவை 1911-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. ஆக, கருவியை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. ஆளைத்தான் வெளியே நிறுத்தினார்கள்.

நாடா போய் ஸ்கிரீன் வந்தாச்சு. மணலி, திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் கன்ட்ரோல் ரூமுக்குள் ஏசியில் உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் கலர் கலராக எல்லாம் தெரியும். வெளியே டேங்க் கழுவுகிற, மூட்டை தூக்குகிற கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஒரு விளக்கும் சைரனும் இங்கிலீஷ் போர்டும்தான். அந்த வெளியே நிற்பவர் யார் என்று இந்தப் பகுதித் தோழர்களுக்குச் சொல்லவா வேணும்?

எங்க தெருக்காரர் ஒருத்தர் சொன்னார்: "செவப்பு லைட் எரிஞ்சா ஓடுன்னாங்க. அது எப்பவும் எரிஞ்சுக்கினுதான் கீது. இன்னாத்துக்குன்னு ஓடறது?"

'படிக்காதவங்க, படம் போட்டுக் காட்டினா போதும்' என்பது மேதாவிகளின் பதில். அவர் டீக்கடையில் பேப்பரை வரி விடாமல் படிக்கிறவர். அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பதுதான் கோளாறு. தமிழில் எழுதிவிட்டால் தீர்ந்தது என்று நாமும் நினைக்க வேண்டாம். இன்றைக்குப் பக்கத்தில் நிற்பவர் ஒடிசாக்காரர், பீகார்க்காரர்.

போபாலில் மேலே கருவிகள் இருந்தும், கண் எரிந்தால்தான் கசிவு என்று தொழிலாளிகள் தெரிந்துகொண்டார்கள். ஊருக்கான சைரனை ஆலைக்குள் ஒலிக்கும் சைரனிலிருந்து நிர்வாகம் தனியே பிரித்து வைத்திருந்தது, சனங்கள் பதறக் கூடாதாம். 1984-இல் அந்த ராத்திரி என்ன ஆனது என்று உலகத்துக்கே தெரியும். அதற்குப் பிறகு, 1987-இல், ஆபத்துகளைத் தொழிலாளிக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்த்தார்கள். 2023 டிசம்பர் 26 ராத்திரி, எண்ணூரில் கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம் சனங்கள் மூச்சு முட்டித்தான் எழுந்து ஓடினார்கள். ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில். முப்பத்தொன்பது வருசம் கழித்தும் மூக்குதான் நமக்குக் கருவி.

நம்ம பிள்ளைகள் இன்று கம்ப்யூட்டர் படித்து இதே ஸ்கிரீன்களை வடிவமைக்கிற கம்பெனிகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: கோடு போடுவதற்கு முன்னால் ஒரு நைட் ஷிப்ட் போய் வெளியே நில்லுங்கள். கையுறை போட்ட விரலுக்கு அந்த பட்டன் அமுங்குதா, மெஷின் இரைச்சலில் சைரன் காதில் விழுதா, டேங்குக்குள் இறங்கினவனுக்கு நிறுத்துகிற சுவிட்ச் எட்டுதா என்று அவரையே கேளுங்கள்.

எட்டினாலும் அழுத்துவாரா என்பது வேறு. ஆலையை நிறுத்தின கான்ட்ராக்ட் ஆளுக்கு மறுநாள் கேட் பாஸ் கிடைக்காது. அதை எந்த ஸ்கிரீனிலும் சரிசெய்ய முடியாது. ஊதிய ஒப்பந்தம் பேச உட்காரும் சங்கங்கள் இந்த ஒரு வரியை, கான்ட்ராக்ட் தொழிலாளியின் பெயரிலேயே, எழுதி வாங்க வேண்டும்.